சொல்ல ஆளில்லாத விதிகள்

முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் கல்வராயன் மலையைத் தேடினால், மலையின் மூலிகைகளையும் மலைவாழ் மக்களின் வாழ்க்கையையும் ஆராய்ந்த ஏடுகள் கிடைக்கும். அவற்றில் மலை ‘ஆய்வுப் பகுதி’. எந்தப் பட்டை எந்த நோய்க்கு என்று சொல்லும் ஊர்ப் பெரியவர் ‘தகவலாளி’. ஆய்வாளர் கீழிருந்து வருவார், குறிப்பெடுப்பார், இறங்கிப் போவார். அவருடைய பெயருக்கு முன்னால் முனைவர் என்ற அடைமொழி சேரும். இந்தக் கட்டுரை எதிர்த்திசையில் நடக்கும் பயணத்தைப் பற்றியது. வெள்ளிமலையிலிருந்தோ சேராப்பட்டிலிருந்தோ ஒரு பட்டதாரி முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் கீழே இறங்கும்போது, பல்கலைக்கழகத்தின் விதிகளை அவருக்கு யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

மலையிலிருந்து உயர்கல்விக்கு வருவோர் குறைவு என்றால் வறுமை, பள்ளியின் தரம், சாலை, பேருந்து என்று காரணங்களை அடுக்குவோம். எல்லாம் உண்மைதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டபோதும் இவையே பேசப்பட்டன. இவற்றோடு சேர்க்க வேண்டிய இன்னொரு காரணம் உண்டு. பட்டம் வாங்கி, தகுதியும் பெற்று, பல்கலைக்கழகத்தின் வாசல்வரை வந்துவிட்ட பிள்ளை அங்கே ஒரு காகிதத்தில் தடுக்கி விழுவது. அந்தக் காகிதத்தைப் பற்றிய விதி பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குச் சாதகமாகவே எழுதப்பட்டிருக்கும். அதைச் சொல்ல வேண்டியது இன்னாருடைய வேலை என்று மட்டும் எந்த உத்தரவிலும் இருக்காது.

மலையூரான இன்னாட்டில் ஒரு மாணவி இருப்பதாக எண்ணிக்கொள்வோம். பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இளங்கலை முடித்து, முதுகலை தாவரவியலும் தேறிவிட்டாள். இனி ஆய்வு செய்ய வேண்டும். அவளுக்கு முன்னால் கிடக்கும் பாதையை ஒவ்வொரு காகிதமாகப் பார்ப்போம்.

முதல் காகிதம் சாதிச் சான்றிதழ். கல்வராயன் மலை நெடுங்காலம் சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் அது தொடர்ந்து, 1976-இல்தான் மலை முழுமையாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. கீழ்நாட்டுக் குடும்பத்தில் கொள்ளுத்தாத்தா காலத்துப் பட்டா, கிரையப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கும். மலையில் அந்தப் பெட்டியே அண்மையில்தான் வந்தது. “தந்தை வழியில், தாத்தா வழியில் ஆவணம் கொண்டுவா” என்று சரிபார்ப்பு அதிகாரி கேட்கும்போது, இல்லாமையின் காரணம் குடும்பத்திடம் இல்லை, மலையின் வரலாற்றில் இருக்கிறது. இதை அந்த அதிகாரியிடம் எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவர் மாணவியின் பக்கத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலும் நிற்பதில்லை.

அடுத்த சிக்கல் இன்னும் விசித்திரமானது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி தமிழ்நாடு முழுவதற்கும் பட்டியலில் இல்லை. அரசமைப்பின் பழங்குடியினர் ஆணையில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. கள்ளக்குறிச்சி என்ற சொல் அதில் இல்லை. தென் ஆர்க்காடு 1993-இல் பிரிந்து விழுப்புரம் உருவாயிற்று. விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆக, இன்று நடைமுறையில் இல்லாத ஒரு மாவட்டத்தின் பெயரில்தான் நம் மாணவியின் உரிமை நிற்கிறது. தமிழ்நாட்டு வருவாய்த் துறைக்கு இது பழகிய செய்தி. வேறு மாநிலத்தில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவு எழுத்தருக்கு அது பழகியிருக்க வேண்டிய அவசியமில்லை. “உன் மாவட்டம் பட்டியலில் இல்லையே” என்று அவர் கேட்டால், 1993-ஐயும் 2019-ஐயும் சொல்லி விளக்க வேண்டிய பொறுப்பு இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் தலையில் விழுகிறது. எல்லைக்கோடு என்ன செய்யும் என்பதற்கு ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை சாட்சி. அங்கேயும் மலையாளிகள் வாழ்கிறார்கள். பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்ததால் பட்டியலுக்கு வெளியே நின்றுபோய், பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. 1989 நவம்பர் முதல் அது வருவாய்க் கோட்டாட்சியர் நிலை அதிகாரியின் பொறுப்பு. அதற்கு முன் தாசில்தார் கொடுத்த தந்தையின் சான்றிதழ் செல்லுமா என்ற ஐயம் பல குடும்பங்களில் உண்டு. அந்தக் காலத்து விதிப்படி கொடுத்ததென்றால் அது அந்தக் காலத்துச் சான்றுதான். இதற்கு மேல் மெய்த்தன்மைச் சரிபார்ப்பு இருக்கிறது. 1994-இல் குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி, மாநில அளவிலான கூர்நோக்குக் குழு விசாரிக்கும். போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. தேவையான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் உண்மையான பழங்குடிப் பிள்ளையும் அதே வரிசையில்தான் காத்திருக்கிறது. விசாரணை எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இதில் தரக்கூடிய அறிவுரை ஒன்றே ஒன்று: வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், படிக்கும்போதே குடும்பத்தில் யார் யாருக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கிறதோ அத்தனை பேருடைய நகலையும் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது காகிதம் பல்கலைக்கழகத்தின் பெயர். விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் கீழ் வந்தன. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இயற்றினார்கள். ஆட்சி மாறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று அந்தப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கும் மசோதா நிறைவேறியது. அரசியல்வாதிகளுக்கு இதில் வெற்றி, தோல்வி, வெளிநடப்பு எல்லாம் இருந்தது. மாணவர்களுக்கு இருந்தது ஒரே கேள்வி: என் மதிப்பெண் பட்டியல் எந்த ஊரில் இருக்கிறது?

2019-இல் பட்டம் முடித்தவர் இன்று இரண்டாம்படிச் சான்றிதழ் வேண்டுமென்றால் வேலூருக்கு அப்பால் சேர்க்காட்டுக்குப் போக வேண்டும். இளங்கலை திருவள்ளுவரிலும் முதுகலை அண்ணாமலையிலும் படித்தவர் இடப்பெயர்வுச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கல்லூரியும் ஊரும் மாறாமல் இருக்க, பல்கலைக்கழகம் மட்டும் தலைக்கு மேலேயே மாறிய மாணவருக்கு, தான் ‘இடம்பெயர்ந்தது’ எப்போது என்பதே விளங்காது. மலையின் மறுபக்கம் கருமந்துறை. அது சேலம் மாவட்டம், 1997-இல் உருவான பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லை. ஒரே மலை, ஒரே மக்கள், அக்கா தங்கை கொடுத்து வாங்கிய குடும்பங்கள். படிவமும் கட்டணமும் கடைசித் தேதியும் மட்டும் வேறு வேறு. வெள்ளிமலையிலிருந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்துக்கு நேர்ப்பேருந்தை எதிர்பார்க்க முடியாது. கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் என்று மாறிப் போய் அண்ணாமலை நகரில் இறங்கும்போது, “சார் லீவு, நாளைக்கு வா” என்ற ஒரு சொல்லுக்கு ஒரு நாள் கூலியும் இரு வழிப் பேருந்துக் கட்டணமும் விலை.

இனி ஆய்வுக்கு வருவோம். முனைவர் பட்டத்துக்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009, 2016, 2022 என்று மூன்று முறை எழுதியிருக்கிறது. இப்போது நடப்பிலிருப்பது 2022 நவம்பர் 7 அன்று வெளியான ஒழுங்குமுறை. இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எம்.ஃபில். போய்விட்டது என்பது. “முதல்ல ஒரு எம்.ஃபில். பண்ணு, அப்புறம் பாக்கலாம்” என்பது ஒரு தலைமுறை ஆசிரியர்கள் மனதாரச் சொல்லிவந்த அறிவுரை. இன்று அதைக் கேட்டுப் பணம் கட்டினால் பணம் போகும். 2023 டிசம்பரில் மானியக் குழுவே எம்.ஃபில். அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அன்று, அதில் சேராதீர்கள் என்று அறிவித்தது. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும்; பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. 2024 முதல் நெட் தேர்வின் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் உதவித்தொகைத் தகுதி பெறாமல் சேர்க்கைக்கு மட்டும் தேறியவருக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். இந்த ஓராண்டை அறியாமல், அடுத்த வருடம் சேரலாம் என்று தோட்ட வேலைக்குப் போய்விடும் பிள்ளைக்கு அந்தத் தேர்ச்சி வீண்.

ஆய்வுக்காலம் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் உடற்குறை உள்ளவர்களுக்கும் மேலும் இரண்டு, ஆக மொத்தம் பத்தாண்டு வரை போகலாம். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக ஆய்வுக்காலம் முழுவதிலும் சேர்த்து 240 நாள் விடுப்பு உண்டு. திருமணமாகியோ வேறு காரணத்தாலோ ஒரு பெண் ஊர் மாறினால், அதுவரை சேர்த்த ஆய்வுத் தரவுகளோடு வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு போக விதி இடம் தருகிறது. இந்த நான்கு வரிகள் மலைப்பெண்ணுக்கு என்ன பொருள் தருகின்றன என்று நினைத்துப் பாருங்கள். கல்யாணம் என்றால் படிப்பு முடிந்தது என்று வீடு முடிவெடுக்கும் இடத்தில், “இல்லை, மாற்றிக்கொண்டு போகலாம்” என்று சொல்ல ஓர் ஆதாரம் இருக்கிறது. அது அரசிதழில் இருக்கிறது. வீட்டுத் திண்ணைக்கு வரவில்லை.

பகுதி நேர ஆய்வுக்கும் அனுமதி உண்டு, வேலை கொடுத்தவர் தடையின்மைச் சான்று தந்தால். உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்துவிட்ட பட்டதாரிக்கு இது நல்ல வழி. ஆனால் பகுதி நேரத்தில் பதிந்துவிட்டு ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது. முழுநேரமா, பகுதி நேரமா என்று படிவத்தில் போடும் ஒரு குறி, அடுத்த ஐந்தாண்டு வருமானத்தை முடிவு செய்கிறது. அந்தக் குறியைப் போடும் நிமிடத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

‘கைடு’ பற்றிப் பேசாமல் ஆய்வு பற்றிப் பேச முடியாது. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டுப் பேரையும், இணைப்பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப்பேராசிரியர் நான்கு பேரையும்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக்கூடாது. நகரத்துப் பிள்ளைக்கு யாரிடம் இடம் காலியாகப் போகிறது என்பது ஆறு மாதம் முன்பே தெரிந்துவிடும். மலையிலிருந்து வருபவர் துறையில் பத்துக் கதவைத் தட்டிப் பத்து முறை “இடமில்லம்மா” கேட்டுத் திரும்புவார். காலியிடம் எத்தனை, யாரிடம் என்று பல்கலைக்கழகங்கள் தம் தளத்தில் வெளியிட வேண்டும் என்றும் விதி உண்டு. அதைக் கேட்டு வாங்குவது வெட்கமில்லை.

ஆய்வு ஆலோசனைக் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடி மாணவரின் வேலையை மதிப்பிட வேண்டும். நம் பக்கம் ‘டாக்டரல் கமிட்டி’ என்பார்கள். பல இடங்களில் இது கையெழுத்துச் சடங்கு. தேநீரும் பிஸ்கட்டும் மாணவர் செலவு என்ற எழுதாத விதியை எழுதிய விதியைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் துறைகளும் உண்டு. ஆனால் மாணவர் இதைச் சடங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. கைடோடு பின்னாளில் மனத்தாங்கல் வந்தால், குழுவின் பதிவேட்டில் “முன்னேற்றம் நிறைவு” என்று இருக்கும் ஒரு வரிதான் காப்பாற்றும். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்கிறது 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2016 விதி கேட்டது. 2022 விதி கேட்கவில்லை. பல்கலைக்கழகம் தானே கேட்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் எதைக் கேட்கிறது என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளாதவர்கள், கடைசி ஆண்டில் காசு வாங்கிப் போடும் இதழ்களிடம் சிக்குகிறார்கள்.

பணம். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 முதல் பட்டத்தோடு நின்றுவிடும். முதுகலை இரண்டாண்டு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஓடும். ஆய்வுக்கு வந்தால், மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் ஆண்டுக்கு 750 பேருக்குத் தேசிய ஆய்வு உதவித்தொகை தருகிறது. இந்தியா முழுவதற்கும் 750. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000. மாநில அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. திட்டங்கள் மோசமில்லை. பணம் கைக்கு வரும் வழிதான் முள். மானியக் குழுவின் உதவித்தொகைகளுக்குப் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒருவர் ஒவ்வொரு மாதமும் கனரா வங்கியின் தளத்தில் உங்கள் வருகையை ஏற்ற வேண்டும், இன்னொருவர் அதை ஒப்ப வேண்டும். இருவரில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அந்த மாதப் பணம் நின்றுவிடும். 2016-இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா விட்டுச்சென்ற கடிதத்தில், வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையும் பேசப்படுகிறது. பணம் தாமதமாவது வெறும் கணக்குச் சிக்கல் என்று நினைப்பவர்கள் அதை நினைவில் வைக்கட்டும்.

படிக்கும்போது கேட்டு வாங்க மறந்து, வேலைக்குப் போகும்போது வெடிக்கும் காகிதங்கள் சில உண்டு. தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் திருத்தி, பள்ளி தொடங்கி அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை தமிழிலேயே படித்திருக்க வேண்டும் என்றாக்கினார்கள். மலைப்பள்ளிகளில் படித்தவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சலுகை இது. ஆனால் படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியே சான்று வேண்டும். டி.சி. வாங்கும் அன்றே கேட்டால் அரை மணி நேர வேலை. பத்தாண்டு கழித்துக் கேட்டால் அன்றிருந்த தலைமையாசிரியரும் இருக்க மாட்டார், பதிவேடும் இருக்காது. இன்னொன்று பட்டங்களின் இணைத்தன்மை. பாடத்தின் பெயரில் ஒரு சொல் கூடியிருந்தால், இது அந்தப் பட்டத்துக்கு நிகர்தானா என்று ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்கும். நிகர் என்று அரசாணை இருந்தால் பிழைத்தோம். தொலைதூரப் பட்டம் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைதூரக் கல்வி நடத்த அனுமதி 2014-15 கல்வியாண்டு வரைதான் இருந்தது என்று 2022 மார்ச்சில் மானியக் குழு அறிவித்தது. மலையில் இருந்தபடியே படிக்க ஒரே வழி தொலைதூரக் கல்வி என்று நம்பி அதில் சேர்ந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு எப்படி இருந்திருக்கும்!

நம் மாணவி தாவரவியல் என்றேன் அல்லவா? அவள் பாட்டி கடுக்காய் பொறுக்கிய காட்டில் அவள் மாதிரிக்குச் செடி சேகரிக்க வேண்டுமென்றால், காப்புக்காட்டுக்கு வனத்துறையின் எழுத்து அனுமதி தேவை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களையும், காட்டின் பல்லுயிர் பற்றிய மரபறிவையும் அந்தச் சமூகத்தின் உரிமை என்கிறது. பாட்டியாகப் போனால் உரிமை, பேத்தி ஆய்வாளராகப் போனால் அனுமதி. இதில் தவறு எதுவுமில்லை, இரண்டு வேறு சட்டங்கள். ஆனால் அனுமதிக் கடிதத்துக்கு யார் கையெழுத்திட வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்பதை முதல் ஆண்டிலேயே சொல்லாவிட்டால், பூக்கும் பருவம் போய் ஓராண்டு வீணாகும்.

இப்போது இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? பல்கலைக்கழக வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர். மிகையில்லை. எந்தப் படிவத்துக்கு எந்தச் சலான், எத்தனை நகல், எந்தச் செக்‌ஷனில் எந்த மேசை என்று மனப்பாடமாகச் சொல்வார். அவருக்கு அடுத்தபடி விடுதி சீனியர். பேராசிரியர்களில் பலருக்குத் தம் காலத்து விதி தெரியும், இன்றைய விதி தெரியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் துறைதோறும் ஆராய்ச்சி மாணவருக்கு நடைமுறை சொல்வதற்கென்றே ஒரு பணியிடம் உண்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1967-லேயே மாணவர் குறைகேட்கத் தனி அதிகாரியை அமர்த்தியது. அங்கே எல்லாம் தேனாறு ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. விதி சொல்வதை ஒரு வேலையாக மதித்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்கிறேன். ஆய்வாளர்கள் பமீலா ஹெர்டும் டொனால்ட் மொய்னிஹனும் 2018-இல் எழுதிய நூலில், அரசின் நடைமுறைகள் குடிமக்கள்மேல் மூன்று வகைச் சுமையை ஏற்றுகின்றன என்றார்கள்: எது நமக்கு உண்டு என்று அறிந்துகொள்ளும் சுமை, படிவமும் சான்றும் தேடும் சுமை, கைகட்டி நின்று கூசிப்போகும் சுமை. இம்மூன்றும் வசதியற்றவர்மேல்தான் கூடுதலாக விழும் என்பது அவர்களுடைய வாதம். மலையில் பிறந்தவருக்கு மூன்றாவதுதான் முதலில் வருகிறது. “ஏன்மா, இதுகூடத் தெரியாதா?” என்று ஒரு மேசையில் கேட்டுவிட்டால், அடுத்த மேசைக்கு அந்தப் பிள்ளை போகாது.

கேட்க இடமில்லாமல் இல்லை. 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் குறைதீர்க்கும் குழு வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவர் 30 நாளுக்குள் தீர்க்க முயல வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மறுப்பதும், உதவித்தொகையைத் தாமதப்படுத்துவதும் ‘குறை’ என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆயினும் இது நோய் முற்றிய பிறகு போகும் ஆஸ்பத்திரி. கைடுக்கு எதிராகப் புகார் எழுதும் மாணவர், அதே கைடிடம்தான் ஆய்வேட்டுக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆகவே புகார்க் குழுவைப் பெரிதாக்குவதைவிட, புகாருக்கு முந்தைய அறிவுரையைப் பணியாக்குவதே பயன் தரும் என்பது என் முடிவு.

செய்யக்கூடியது பெரிய காரியமும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்குள் வந்துவிட்ட கள்ளக்குறிச்சிக்கு, வாரத்தில் ஒரு நாளாவது மாவட்டத் தலைநகரில் உட்கார ஓர் அலுவலரை அனுப்பலாம். மாணவர் சிதம்பரம் போவதற்குப் பதில் செக்‌ஷன் கள்ளக்குறிச்சிக்கு வரும். ஆய்வு விதிகளை அரசிதழ் ஆங்கிலத்திலிருந்து பேச்சுத் தமிழுக்குக் கொண்டுவந்து எட்டுப் பக்கத்தில் அச்சிடலாம். பழங்குடியினர் நலத்துறை தன் விடுதிகளில் அதை வைக்கலாம். கோட்டாட்சியர் அலுவலகம், மேல்படிப்பு விண்ணப்பம் கையிலிருக்கும் மாணவரின் சான்றிதழ் சரிபார்ப்பைத் தனி வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் சின்னசேலத்திலும் கல்லூரி அலுவலகங்களில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காகிதம் எங்கே நிற்கும், யாரைப் பார்த்தால் நகரும் என்று இந்த வட்டாரத்தில் அவர்களைவிட அறிந்தவர் இல்லை. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்கோ கரியாலூருக்கோ போய், பட்டம் முடித்த பிள்ளைகளை வரச்சொல்லி, அவர்கள் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். எது குறைகிறது என்று சொல்லுங்கள். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு போனால் பயனில்லை. முதுகலை இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே போய்விடுங்கள்.